மலையூர்களின் கைக்கு வரட்டும் தீத்தடுப்பு நிதி

2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். செய்தி கேட்டு முதலில் மேலே ஓடியவர்கள் உள்ளூர் மக்கள்தான். தீக்காயம் பட்டவர்களைச் செங்குத்தான சரிவில் தூக்கிச் சுமந்து இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தது அதற்குப் பிறகு. 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. விசாரணை நடந்தது. மலையேற்றத்துக்குப் புதிய விதிகள் வந்தன. ஆனால் தீக்கு நடுவே ஓடிய ஊர்களுக்கு அடுத்த கோடைக்குள் என்ன செய்து தருவது என்ற கேள்விக்கு இன்றுவரை உருப்படியான பதில் இல்லை.

பிப்ரவரி பிறந்தால் மலையூர்களில் கவலையும் பிறந்துவிடுகிறது. கொடைக்கானல் மலை, போடி மலை, சத்தியமங்கலம், கூடலூர் என்று எங்கே போய்க் கேட்டாலும், கோடை மழை இறங்கும்வரை நிம்மதியான தூக்கம் இல்லை என்பார்கள். இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டு கைபேசிக்குத் தகவல் அனுப்புகிறது. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் செயற்கைக்கோள் ஒரு மலையைக் கடப்பது நாளுக்குச் சில முறை மட்டுமே. அந்தத் தகவல் வருவதற்கு முன்பே, காற்றில் புகை வாசம் பிடித்து எந்த ஓடைப் பக்கம் எரிகிறது என்று சொல்லிவிடும் முதியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். தீயை அடிப்பதும் அந்த ஊர் ஆட்கள்தான். ஆளுக்கொரு பச்சைத் தழைக் கொத்தை ஒடித்துக்கொண்டு, ரப்பர் செருப்போடு நெருப்பின் ஓரமாக நின்று அடிக்கிறார்கள். உச்சிவெயிலில் காற்று சரிவில் மேல்நோக்கி ஏறும்போது தீயும் மனிதனைவிட வேகமாக மேலே ஏறும். அப்போது தீக்கு மேற்பக்கம் நிற்பவனுக்குத் தப்ப வழியில்லை. இந்தப் பாடம் அவர்களுக்குத் தெரியும். முகக்கவசமும் தீ தாங்கும் உடுப்பும் காலணியும்தான் அவர்களிடம் இல்லை.

தீ வந்தபின் அடிப்பதைவிடப் பெரிய வேலை, வருமுன் தடுப்பது. அதற்குத்தான் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். காட்டின் குறுக்கே ஒரு பட்டை அளவுக்குப் புல்லையும் புதரையும் வெட்டி, சருகைக் கூட்டி, வெறும் மண் தெரிகிறவரை சுத்தம் செய்வது. ஒருமுறை செய்தால் முடிந்துவிடும் வேலை இல்லை இது. இலையுதிர் காடுகளில் தை மாதம் கூட்டிய கோட்டில் மாசியில் மறுபடி கணுக்கால் அளவுக்குச் சருகு சேர்ந்துவிடும். திரும்பத் திரும்பக் கூட்ட வேண்டும். இதற்கு வேண்டியது பெரிய இயந்திரம் இல்லை. அரிவாள், விளக்குமாறு, சருகு ஊதும் கருவி, அதைவிட முக்கியமாக, நான்கு மாதம் நிலையாகக் கூலி பெறும் ஆட்கள்.

இந்த இடத்தில்தான் நிதி இடறுகிறது.

மத்திய அரசின் காட்டுத்தீ தடுப்பு மற்றும் மேலாண்மைத் திட்டம் 2017-ல் வந்தது. நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் போடுகின்றன. நாடு முழுமைக்குமான இந்தத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்குவது ஆண்டுக்குச் சுமார் 50 கோடி ரூபாய் அளவில்தான். காட்டுத்தீயால் இந்தியாவுக்கு ஆகும் இழப்பு, குறைத்துக் கணக்கிட்டாலும், ஆண்டுக்கு 1,100 கோடி ரூபாய் என்று 2018-ல் சுற்றுச்சூழல் அமைச்சகமும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நாட்டின் காடுகளில் 36 சதவீதத்துக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கக்கூடியவை என்கிறது வன அளவை நிறுவனம். இத்தனைக்கும் சேர்த்துத்தான் அந்த 50 கோடி.

தொகை குறைவு என்பது பாதிக் குறைதான். அது வரும் நேரம் மீதிக் குறை. தீக்காலம் பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை நீள்கிறது, நிதியாண்டோ அதன் நடுவில் மார்ச் 31-ல் முடிகிறது. கோடு வெட்ட வேண்டிய மார்கழியில் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கும். செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்த தவணை. மலை எரிந்துகொண்டிருக்கும் ஏப்ரலில் புது ஆண்டுக் கணக்கு அப்போதுதான் திறக்கும். இந்த நாட்காட்டியை மாற்ற ஒரு அரசாணை போதும்.

கிராமங்களுக்கு ஊக்கத்தொகை தரலாம் என்று அந்தத் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் பணம் துறை வழியாக இறங்கி, துறையின் வேலைக்கே தீர்ந்துபோகிறது. ஊருக்குக் கிடைப்பது சிலருக்கான தற்காலிகத் தீத்தடுப்புக் காவலர் வேலை மட்டும். வனத்துறையைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. அவர்களுடைய கடைநிலை ஊழியர்களும் இதே தீயில்தான் நிற்கிறார்கள். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் தீயணைக்கப் போன 3 வனக் காவலர்கள் கருகி இறந்தார்கள். 2024 ஜூனில் உத்தராகண்டின் பின்சர் சரணாலயத்தில் 4 வனப் பணியாளர்கள் தீக்குள் சிக்கி இறந்தார்கள். நிரந்தர ஊழியருக்காவது பின்னால் குடும்பத்துக்குப் பணப்பலன் உண்டு. தழைக் கொத்தோடு போகும் ஊர்க்காரருக்கு ஒரு காப்பீடுகூடக் கிடையாது.

ஊர்களை நேரடியாக நம்பிப் பணம் தருவது நடக்காத காரியமா? அமெரிக்காவில் 2021-ல் வந்த உள்கட்டமைப்புச் சட்டம், காட்டுத்தீ அபாயத்தில் இருக்கும் ஊர்களுக்கென்றே ஐந்து ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. உள்ளாட்சிகள், பூர்வகுடி அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஊர் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுத ஒரு தொகை, அதைச் செயல்படுத்த ஒரு கோடி டாலர் வரை. அபாயம் அதிகமுள்ள, வருமானம் குறைந்த ஊர்களுக்கு முன்னுரிமை. விண்ணப்பம் எழுத ஆள் இல்லாத சின்ன ஊர்கள் அங்கும் பின்தங்கத்தான் செய்யும். ஆனாலும் ஊரே திட்டம் போடும், ஊருக்கே பணம் வரும் என்ற அடிப்படை சரியானது. நம் நாட்டிலேயே உத்தராகண்ட் அரசு, தீக்குத் தீனியாகும் பைன் மரச் சருகைப் பொறுக்கி வந்தால் கிலோவுக்கு 50 ரூபாய் என்று 2024-ல் அறிவித்தது. சருகை அகற்றும் உழைப்புக்கு ஒரு விலை வைத்தது நல்ல தொடக்கம்.

நம் காடுகளில் அந்தத் தீனி, உண்ணிச்செடி. காய்ந்த புதராக நிற்கும்போது தரையில் ஊர்ந்து போக வேண்டிய தீயை மரத்தின் கிளைக்கு ஏற்றிவிடுகிறது. கூடலூர்ப் பகுதியில் பெட்டக் குறும்பர் கைவினைஞர்கள் இதன் தண்டில் ஆளுயரத்துக்கு மேல் யானைகள் செய்கிறார்கள். அவை லண்டன் பூங்காக்கள் வரை போயின. அந்தத் திறமையை ஒரு கண்காட்சியோடு விட்டுவிடாமல், தீத்தடுப்பு நிதியில் சேர்த்து, வெட்டுகிற ஒவ்வொரு ஏக்கருக்கும் ஊருக்குக் கூலி தர வேண்டும். பிலிகிரிரங்கன் மலையின் சோளகர்கள் கோடை முற்றுமுன் சருகை மட்டும் சிறு தீயாக எரித்துவிடும் வழக்கம் வைத்திருந்தார்கள். சட்டம் அதைத் தடுத்தது. எங்கே, எப்போது எரிக்கலாம் என்பதை அவர்களையும் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

இதற்குச் சட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(i) பிரிவு, தங்கள் சமூகக் காட்டைப் பாதுகாக்கும் உரிமையை ஊருக்குத் தருகிறது. 5-ஆவது பிரிவு, அதற்கான பொறுப்பையும் அதிகாரத்தையும் கிராம சபையிடம் ஒப்படைக்கிறது. உரிமை கொடுத்த அரசு, அதை நடத்தப் பணமும் கொடுக்க வேண்டும்.

தமிழக அரசிடம் கேட்பது இதுதான். மலையோர ஊராட்சிகளில் அக்டோபர் 2 கிராம சபையிலேயே தீத்தடுப்புத் திட்டம் வைக்கப்படட்டும். எந்தக் கோடு, எத்தனை ஆள், எந்த ஓடையில் தண்ணீர் என்று ஊரே எழுதட்டும். வனச்சரகர் பார்த்து ஒப்புதல் தரட்டும். நவம்பர் முடிவதற்குள் பணம் கிராம சபையின் கணக்குக்கு வரட்டும், மார்ச் 31-க்குப் பிறகும் அந்தக் கோடைக்கு அது செல்லுபடியாகட்டும். தீயணைக்கப் போகும் ஒவ்வொருவர் பெயரும் காப்பீட்டில் ஏறட்டும். செலவுக் கணக்கை மே 1 கிராம சபையில் வாசித்துவிடலாம்.