யந்திரக் கண்காணிகளும் அவற்றிற்கு இடும் கட்டளைகளும்

காடாம்புலியூர் வழியாக நெய்வேலிக்குச் செல்வோர் அங்குள்ள சுரங்கங்களின் மாபெரும் வெட்டு யந்திரங்களைக் கண்டு வியவாமல் திரும்புவதில்லை. ஆயினும் அச்சுரங்கங்களைக் காத்து நிற்பது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத வேறொரு வேலையாகும். பழுப்பு நிலக்கரிப் படலத்தின் கீழே ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கின்றது. மேலுள்ள மண்ணை அகற்றிவிட்டால் அந்நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழக்கூடும். ஆகையால் ஆழ்குழாய்க் கிணறுகள் பல இறக்கி, பம்புகளை இரவும் பகலும் ஓட்டி, அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே கரியை வெட்டுகின்றனர். நீர்மட்டம் எந்நிலையில் உள்ளது என்பதை அறிதற்கென்றே கண்காணிப்புக் கிணறுகளும் உள. எதை அளப்பது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அளப்பது, எவ்வளவு உயர்ந்தால் யாரை எழுப்புவது என்னும் இம்மூன்றும் முன்னரே தீர்மானிக்கப்படாவிடின் அளவுகோலால் ஆவது ஒன்றுமில்லை. கோல் ஓரிடத்திற் சிக்கிக்கொண்டாலோ, நீர் அசையாது நிற்பதாகவே அது காட்டும். அதைக் கண்டு ஒருவன் நிம்மதியாக உறங்கவும் கூடும்.

இதை ஈண்டு எடுத்துக் கூறியதன் காரணம், இதனோடொத்த ஒரு வேலை இக்காலத்தில் ஒவ்வொரு ஸ்தாபனத்தின் கணினி அறையிலும் நடைபெறுகின்றது என்பதே. வங்கி, மருத்துவமனை, மின்சார வாரியம், பல்கலைக்கழகம் ஆகிய யாவும் சர்வர் எனப்படும் கணினிகளின்மேல் நிற்கின்றன. நூற்றுக்கணக்கான சர்வர்களை மனிதர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருத்தல் இயலாது. ஆதலின் ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு மென்பொருளைக் குடியேற்றுகின்றனர். இதற்கு ஏஜெண்டு என்று பெயர். தான் குடியிருக்கும் யந்திரத்தின் நினைவகம் எவ்வளவு நிரம்பியது, வட்டில் எவ்வளவு இடம் எஞ்சியது, எவ்வேலைகள் ஓடுகின்றன, யார் உள்ளே நுழைந்தார் என்பவற்றை நோக்கி, நிமிடந்தோறும் தலைமை நிலையத்துக்குச் செய்தி அனுப்புதல் இதன் தொழில். எதைப் பார்க்க வேண்டும், எவ்வரம்பைக் கடந்தால் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று இதற்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதியை அத்துறையினர் ‘பாலிசி’ என்பர். நாம் கண்காணிப்பு விதி என்போம். ஏஜெண்டை விலைக்கு வாங்கலாம், விதியை வாங்க இயலாது என்பதே என் கட்சி. வாங்கிய பெட்டியோடு வந்த விதியை வந்தபடியே விட்டுவைப்பவன், அயலூரான் தன் வீட்டுக்கு எழுதிய கணக்கைத் தன் வீட்டுக் கணக்காக வைத்துக்கொள்பவனை ஒப்பான்.

கண்காணி என்னும் சொல் நமக்குப் புதியதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் நம்மவரை மேய்த்த கங்காணி இச்சொல்லின் மருஉவே. வேலைக்கு வந்து நின்ற ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு கிடைத்தது. ஆகையால் அவன் எண்ணியது தலைகளை. நோயுற்றவனும் தலையே, நோயற்றவனும் தலையே. துரை எதை எண்ணச் சொன்னாரோ அதைக் கங்காணி எண்ணினான். எண்ணச் சொல்லாதவற்றைக் காண அவனுக்குக் காரணம் இருந்ததில்லை. யந்திரக் கங்காணியின் நிலையும் இதுவேயாம்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். வட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிரம்பினால் எச்சரிக்கை எழுப்புக என்பது எங்கும் வழங்கும் விதி. 20 ஜிகாபைட் கொண்ட சிறு வட்டில் இவ்வரம்பு தொடும்போது எஞ்சியிருப்பது 2 ஜிகாபைட். அது ஒரு மணி நேரத்திலும் நிரம்பிவிடலாம். 10 டெராபைட் கொண்ட பெரு வட்டிலோ ஒரு டெராபைட் எஞ்சியிருக்கும். அது நிரம்பப் பல மாதங்கள் ஆகலாம். இரண்டிற்கும் ஒரே விதி, ஒரே ஓசை. முன்னதில் ஓசை காலந்தாழ்ந்து வருகின்றது. பின்னதில் பயனின்றி வருகின்றது. எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதைவிட எவ்வேகத்தில் நிரம்புகின்றது என்பதைக் கேட்டால் இவ்விடர் பெரும்பாலும் நீங்கும். ஆனால் அங்ஙனம் கேட்பதற்கு அந்தச் சர்வர் என்ன வேலை செய்கின்றது என்பதை ஒருவன் அறிந்திருத்தல் வேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் நாளிற் பல்கலைக்கழகச் சர்வர் திணறுவது இயல்பு. வேறொரு நாளின் நள்ளிரவில் அவ்வாறு திணறினால் விசாரிக்க வேண்டிய விஷயம். நாள்தோறும் இரவு இரண்டு மணிக்குப் படியெடுக்கும் வேலை ஓடும்போதெல்லாம் எச்சரிக்கை எழுமாயின், இராக்காவலிலிருக்கும் இளைஞன் ஒரு வாரத்தில் அதைப் பாராமலே அணைக்கக் கற்றுக்கொள்கிறான். பின்னர் ஒருநாள் அதே இரண்டு மணிக்கு மெய்யாகவே கள்வன் நுழைவான். ‘புலி வருகிறது’ என்று கூவிய சிறுவனின் கதையை, ஊர்ப் பெயரிலேயே புலியை வைத்திருப்பவர்க்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வீண் ஓசையினும் கொடியது ஓசையின்மை. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14-ஆம் தேதி அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒண்டேரியோ மாகாணத்திலும் ஏறக்குறைய 5 கோடி மக்கள் மின்சாரமின்றி இருளில் ஆழ்ந்தனர். ஒஹையோவில் ஃபர்ஸ்ட் எனர்ஜி என்னும் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில், பிற்பகல் 2 மணி 14 நிமிடத்துக்கு எச்சரிக்கை எழுப்பும் மென்பொருள் உள்ளுக்குள்ளே நின்றுபோயிற்று. நின்றது என்று சொல்வார் ஒருவரும் இல்லை. மின்கம்பிகள் மரங்களில் உரசி ஒவ்வொன்றாக அறுபட்டுக்கொண்டிருக்க, அறையிலிருந்தோர் மணியோசை இல்லாமையால் யாவும் நலமென்றே எண்ணியிருந்தனர். நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாத செய்தி இனிமேற்றான் வருகின்றது. 2 மணி 41 நிமிடத்துக்குச் சர்வரே வீழ்ந்தபோது, கணினிப் பராமரிப்புப் பணியாளருக்குத் தானாகவே செய்தி போயிற்று. அவர்களும் விரைந்து சர்வரை மீண்டும் எழுப்பினர். ஆனால் கட்டுப்பாட்டு அறையிலிருந்தோருக்கு அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எச்சரிக்கை மணி மீண்டும் வேலை செய்கின்றதா என்று கேட்கவுமில்லை. காவல் யந்திரம் தன் கடமையைச் செய்தது. மனிதரும் தமக்குரிய கடமையைச் செய்தனர். ஆயினும் அறிய வேண்டியவர் அறியவில்லை. 4 மணி 10 நிமிடத்துக்கு வலைப்பின்னல் சரிந்தது. யாரிடம் சொல்ல வேண்டும் என்னும் ஒரு வரி விதியிற் குறைந்ததன் விலை இது.

ஆகவே ஏஜெண்டு குறிப்பிட்ட கால இடைவெளியில் ‘உயிரோடிருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அச்சொல் வாராதபோது, அவ்வாராமையே எச்சரிக்கையாக எழுதல் வேண்டும். அதனை எழுப்புவதும் அந்தச் சர்வராக இருத்தல் கூடாது. வேறிடத்திலுள்ள வேறொன்றாக இருத்தல் வேண்டும். பல ஸ்தாபனங்களின் திரையிற் பச்சை விளக்குகள் வரிசையாக எரிவதைக் காட்டிப் பெருமை கொள்வதைக் கண்டிருக்கிறேன். இவற்றுள் எவ்விளக்குக்குரிய செய்தி கடைசியாக எப்பொழுது வந்தது என்று கேட்டால் விடை சொல்வார் சிலரே.

நிற்க. காவலாளி பிழைபட்டால் வீட்டுக்கு நேர்வது யாது? 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி காலை, நம் நேரப்படி 9 மணி 39 நிமிடத்துக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்புக் கம்பெனி தன் ஏஜெண்டுகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பிற்று. அதிற் குறிக்கப்பட்ட விவரங்கள் 21. ஏஜெண்டு கொடுக்க அறிந்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடப் புகுந்த ஏஜெண்டு தானும் விழுந்து, தன்னைச் சுமந்த கணினியையும் வீழ்த்திற்று. 78 நிமிடங்களில் கம்பெனி அக்கோப்பைத் திரும்பப் பெற்றது. அதற்குள், மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் மதிப்பீட்டின்படி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களிற் பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுக்கள் கொடுக்கப்பட்டன. நம் வங்கிகளுக்குப் பெருந்தீங்கு நேரவில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களுமாகப் பத்து மட்டுமே சிறு இடையூறு உற்றன என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. வீழ்ந்த கணினிகளிற் பெரும்பாலானவற்றின் அருகே ஓர் ஆள் சென்று, கையாலேயே அக்கோப்பை அழிக்க வேண்டியதாயிற்று.

எச்சரிக்கையுடைய ஸ்தாபனங்கள் பல, ‘புதிய பதிப்பை உடனே ஏற்காதே, ஒரு பதிப்பு பின்னரே நில்’ என்று முன்னமே விதி எழுதி வைத்திருந்தன. அவ்விதி ஏஜெண்டின் பதிப்புக்கு மட்டுமே செல்லும். அன்று வந்த கோப்புவகைக்குச் செல்லாது. வாயிலுக்குப் பூட்டிட்டவர் சன்னல் ஒன்று உண்டென்பதை அறியாதிருந்தனர் என்று கொள்க. அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே அக்கோப்புக்களையும் படிப்படியாக ஏற்கும் வசதி வாங்குவோர் கைக்கு வந்தது. வசதி வந்தாயிற்று, அதைப் பயன்படுத்தி, முதலில் பத்துக் கணினி, மறுநாள் நூறு கணினி என்று விதி எழுதினோர் எத்துணையர் என்பதே வினா. கண்காணிக்கும் மென்பொருளுக்கு வீட்டின் எல்லா அறைகளுக்கும் சாவி கொடுத்திருக்கிறோம். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் செய்தியும் இதையே காட்டிற்று: ஓரியன் என்னும் அக்கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பித்தலினுள்ளே பகைவர் நஞ்சை வைக்க, ஏறக்குறைய 18,000 ஸ்தாபனங்கள் அதனைத் தாமே இறக்கிக்கொண்டன.

தமிழ்நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றி 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி அணுமின் கழகம் அறிக்கை வெளியிட்டது. நிர்வாக வேலைக்குரிய, இணையத்தோடு இணைந்த வலையில் ஒரு கணினியிற் தீய மென்பொருள் இருந்ததென்றும், உலையை நடத்தும் உள்வலை அதனின்றும் பிரிக்கப்பட்டிருந்ததென்றும் அது கூறிற்று. பிரித்து வைத்தது பாராட்டத்தக்கது. அதே அறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு: இதைக் கண்டு கழகத்துக்குத் தெரிவித்தது, செப்டம்பர் 4-ஆம் தேதி, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு என்பதாம். தன் வீட்டில் அயலான் இருப்பதை ஊர்த்தலையாரி வந்து சொல்ல அறியும் வீட்டுக்காரனுக்கு எத்தனை காவலர் இருந்தும் யாது பயன்?

அச்செர்ட்-இன் அமைப்பே 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி பிறப்பித்த ஆணைப்படி, இத்தகைய இடையூறுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். கணினிகளின் குறிப்பேடுகளை 180 நாட்கள் காத்து வைக்க வேண்டும். நல்ல ஆணையே. ஆயினும் ஆறு மணி நேரம் என்பது அறிந்த கணத்திலிருந்து ஓடும். அறியாதவனுக்குக் கடிகாரம் ஓடுவதே இல்லை. ஒன்றையும் காணாதவாறு விதி எழுதி வைத்திருப்பவன் சட்டத்தின் முன் குற்றமற்றவனாகவே தோன்றலாம். இது நகைப்புக்குரியதன்று.

‘எச்சரிக்கைகளைக் குறைக்கச் சொல்கிறீர், குறைத்ததொன்றே நாளை கேடாக முடிந்தால் யார் பொறுப்பு?’ என்று வினவுவோர் உளர். இவ்வச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. அஞ்சிய உத்தியோகஸ்தர் எல்லாவற்றுக்கும் மணி கட்டுவதன் காரணமும் இதுவே. ஆனால் பதிவு செய்வது வேறு, எழுப்புவது வேறு. யாவற்றையும் பதிவு செய்க; பின்னர்த் தேடிப் பார்க்க உதவும். ஒருவனைத் தூக்கத்தினின்றும் எழுப்புவதோ, எழுந்தவன் அக்கணமே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டாயின் மட்டுமே. எழுந்து, பார்த்து, ‘சரி’ என்று மீண்டும் படுப்பதற்கு எழுப்புவது கொடுமை. வழக்கத்துக்கு மாறானதைத் தாமே பழகிக் கண்டறியும் மென்பொருள்கள் வந்துவிட்டன என்பாரும் உளர். வரட்டும். யாரை எழுப்புவது என்பதை அவற்றுக்கும் ஒருவர் சொல்லியாக வேண்டும்.

இவ்விஷயத்தை நம் கல்லூரி மலரில் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பண்ணுருட்டி, நெய்வேலி, வடலூர்ப் பக்கங்களில் முந்திரித் தோப்பையும் பலாவையும் சுரங்க வேலையையும் நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் இராப்பொழுதிற் திரைகளின்முன் அமர்ந்து இவ்வெச்சரிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். கேடு நேர்ந்த மறுநாட் காலையில் முதற்கண் விசாரிக்கப்படுபவர் இவர்களே. ‘ஓசை எழுந்ததே, ஏன் பாராமல் விட்டாய்?’ என்பது கேள்வி. அவ்விரவில் மட்டும் எத்தனை ஓசை எழுந்தது, அவற்றுள் எத்தனை வீண், அவ்விதியை எழுதியவர் யார் என்ற கேள்விகள் பின்வருவதில்லை. விதி எழுதுவோர் ஒருவராகவும் அதற்கு விழித்திருப்போர் வேறொருவராகவும் இருக்கும்வரை இந்நிலை மாறாது. விதி எழுதியவரைத் திங்களுக்கு இரண்டு இரவேனும் அதே நாற்காலியில் அமர்த்தினால், தேவையற்ற மணிகளிற் பாதி அவ்வாரமே அறுந்து விழும் என்பது என் துணிபு.

ஒவ்வொரு விதியின் தலையிலும் அதை எழுதியவரின் பெயர், எழுதிய காரணம், ஓசை எழுந்தால் செய்ய வேண்டுவது, மீண்டும் ஆராய வேண்டிய தேதி ஆகியவை இருத்தல் வேண்டும். தேதி கடந்தும் எவரும் ஆராயாத விதி தன் மேலாளரைத் தேடிச் சென்று தானே எச்சரிக்கை எழுப்பட்டும். இதற்குப் பெரும் பொருட்செலவும் இல்லை.

கணினிப் பாடம் பயிலும் மாணாக்கர்க்கு ஏஜெண்டை நிறுவுவது எப்படி என்று கற்பிக்கின்றோம். விதி எழுதுவதைப் பற்றி வினாத்தாளில் ஒரு வினாவும் காணோம். நம் கல்லூரியின் கணினிக் கூடத்துச் சர்வர்களை வரும் ஆண்டில் மூன்றாமாண்டு மாணாக்கரிடம் ஒப்புவித்துப் பார்க்கலாம் என்பது என் வேண்டுகோள். அவர்களே விதி எழுதட்டும். அவர்கள் கைப்பேசிகளிலேயே மணி ஒலிக்கட்டும். திங்கள் முடிவில் எத்தனை மணி ஒலித்தது, எத்தனைக்கு எவரேனும் எழுந்து ஏதேனும் செய்தார் என்று எண்ணி, அவ்விரண்டு எண்களையும் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்கலாம்.