‘மனிதத் தவறு’ என்னும் வசதியான சொல்

2025 நவம்பர் முதல் வாரத்தில் தில்லி விமான நிலையத்தின் தானியங்கிச் செய்திப் பரிமாற்றக் கணினி பழுதடைந்தது. விமானங்களின் பயணத் திட்டங்களைக் கட்டுப்பாட்டாளர்களின் மேசைக்குக் கொண்டு சேர்ப்பது அக்கணினியே. அது நின்றதும் அவற்றையெல்லாம் கையால் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. ஒருவரும் உயிரிழக்கவில்லை. பழுதான கணினியின் வேலையை மனிதர்கள் தம் கைகளால் செய்து முடித்தார்கள் என்பதே அதற்குக் காரணம். கட்டுப்பாட்டுக் கருவிகள் தொய்வடைந்து வருவதைக் கட்டுப்பாட்டாளர் சங்கம் சில மாதங்களுக்கு முன்பே எழுத்து மூலம் எச்சரித்திருந்தது. ஆயினும் முதலாளித்துவ ஏடுகளுக்குப் பயணிகளின் சலிப்பே செய்தியாயிற்று. அதே இரவில் ஒரு விபத்து நேர்ந்திருந்தால் மறுநாள் தலைப்பு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று: ‘மனிதத் தவறு’.

இந்தச் சொல்லின் வரலாற்றை அறிய 1996 நவம்பர் 12 மாலைக்குச் செல்ல வேண்டும். தில்லியிலிருந்து புறப்பட்டு மேலேறிக் கொண்டிருந்த சவூதி அரேபிய போயிங் 747 விமானமும், சிம்கென்டிலிருந்து வந்து இறங்கிக் கொண்டிருந்த கசாக்ஸ்தானின் இல்யூஷின் 76 விமானமும் அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே நடுவானில் மோதின. 349 பேர் மாண்டனர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சவூதி விமானத்தில் இருந்தோரில் பெரும்பாலோர் வளைகுடாவுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற இந்தியத் தொழிலாளர்கள். எதிரே வந்ததோ, சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் வேலையிழந்து, தில்லிச் சந்தையில் துணிமணி வாங்கி ஊரில் விற்றுப் பிழைக்கப் புறப்பட்டோரைப் போன்றவர்களுக்காக வாடகைக்கு அமர்த்தப்பட்ட விமானம். சந்தை என்னும் ஒரே விசை இருதிசையிலும் மனிதர்களைத் தள்ளிக் கொண்டிருந்தது.

நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணை, கசாக் விமானம் தனக்கு ஒதுக்கப்பட்ட 15,000 அடிக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று முடிவு கூறிற்று. அதை மறுப்பதற்கில்லை. எதிரே சவூதி விமானம் 14,000 அடியில் வருகிறது என்று கட்டுப்பாட்டாளர் தெளிவாகவே சொன்னார். கசாக் தரப்பிலிருந்து ஒப்புதலும் வந்தது. ஆனால் அந்த ஒப்புதலைச் சொன்னவர் விமானி அல்லர், வானொலிப் பணியாளர். ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பு அவருடையது. அவர் இருக்கைக்கு எதிரே உயரம் காட்டும் கருவி இல்லை; விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் உயரத்தை அறிய வேண்டும். (சோவியத் வடிவமைப்பு என்பதற்காக இதை நாம் பூசி மெழுக வேண்டியதில்லை.) விமானத்தை ஓட்டியவர்களுக்கு ஆங்கிலம் போதவில்லை, மீட்டர்க் கணக்கில் பழகியவர்கள் அடிக் கணக்கில் ஆணை பெற்றார்கள். உயரம் தவறியதை வானொலிப் பணியாளர் உணர்ந்து கூவியபோது நொடிகளே எஞ்சியிருந்தன.

இது வானத்தில். தரையில் என்ன இருந்தது? தில்லியில் அன்று இயங்கியது முதன்மை ரேடார் மட்டுமே. அதன் திரையில் விமானம் ஒரு புள்ளியாகத் தெரியும். அது எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பது தெரியாது. உயரத்தைக் காட்டவல்ல துணை ரேடார் இன்னும் இயக்கத்துக்கு வந்திருக்கவில்லை. வானத்தின் பெரும்பகுதி இராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் ஒரே பாதை. மோதலை முன்னுணர்த்தும் கருவியை விமானங்களில் பொருத்துவதற்குச் சட்டக் கட்டாயமும் கிடையாது. இவை மூன்றும் பின்னர் திருத்தப்பட்டன. 349 பேர் இறந்தபின் செய்ய முடிந்ததை அதற்கு முந்தைய ஆண்டு செய்ய முடியாமற்போனது ஏன் என்ற வினாவை ‘மனிதத் தவறு’ என்ற சொல் விழுங்கிவிடுகிறது.

மொழிபெயர்ப்பையே வேலையாகக் கொண்டவன் என்ற முறையில் மற்றொரு விபத்து என்னை நெடுநாள் உறுத்தியதுண்டு. 1977 மார்ச் 27 அன்று தெனெரீப் தீவின் ஓடுபாதையில், பனிமூட்டத்தில், இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். டச்சுத் துணை விமானி ஆங்கிலத்தில் சொன்னது ஏறக்குறைய ‘இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம்’ என்று பொருள்படும். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பது அவர் கருத்து. தாய்மொழியின் இலக்கணம் அயல்மொழியில் கசிந்தது என்று பலர் கருதுவர். புறப்பட ஆயத்தமாக நிற்கிறோம் என்று ஸ்பானியக் கட்டுப்பாட்டாளர் கொண்டார். அவர் ‘சரி’ என்றபின் கூறிய ‘காத்திருங்கள்’ என்பதும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற அமெரிக்க விமானத்தின் குரலும் ஒரே கணத்தில் ஒலித்து, ஒன்றையொன்று மறித்து, வெறும் கீச்சொலியாயின. எதிர் விமானம் விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் ஐயுற்றுக் கேட்டார். மூத்த விமானி அதை ஒரே சொல்லில் தள்ளினார். அடுத்தவர் அதற்குமேல் பேசத் துணியவில்லை. அதன்பின் சொற்கள் வரையறுக்கப்பட்டன. இளையவர் மூத்தவரைத் தடுத்துப் பேசப் பயிற்சி தரப்பட்டது. கீழுள்ளவன் பேச வேண்டும் என்பதை ஒரு தொழில் கற்றுக் கொள்ள 583 உயிர்கள் தேவைப்பட்டன.

பேசியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் தெரிந்ததே. 1981 ஆகஸ்டில் வேலை நேரக் குறைப்பும் ஊதிய உயர்வும் கேட்டு வேலைநிறுத்தம் செய்த அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்களில் 11,000க்கும் மேற்பட்டோரை ரீகன் ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பினார். களைப்பைப் பற்றி அவர்கள் சொன்னதை 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானம் மெய்ப்பித்தது. சூரிக்கில் ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு மேசைகளைப் பார்த்துக் கொண்டிருந்தார். உடன் பணியாற்ற வேண்டியவர் ஓய்வுக்குச் சென்றிருந்தார். அந்த வழக்கத்தை நிர்வாகம் அறிந்தே அனுமதித்திருந்தது. பராமரிப்புப் பணிக்காக முதன்மைத் தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டிருந்தது. 71 பேர் இறந்தனர். அவர்களில் 52 பேர் குழந்தைகள். மனைவி மக்களை இழந்த ஒருவர் 2004இல் அந்தக் கட்டுப்பாட்டாளரைத் தேடிச் சென்று குத்திக் கொன்றார். நிர்வாகப் பொறுப்பிலிருந்த நால்வரைச் சுவிஸ் நீதிமன்றம் தண்டித்தது 2007இல்தான்.

இனி நம் நாடு. 2019இல் அகமதாபாத், லக்னோ, மங்களூரு, ஜெய்ப்பூர், குவாஹாட்டி, திருவனந்தபுரம் ஆகிய ஆறு விமான நிலையங்களும் ஏலத்தில் அதானி குழுமத்துக்குச் சென்றன. கடைவாடகை அவர்களுக்கு, விளம்பரப் பலகை அவர்களுக்கு. தலைக்கு இவ்வளவு என்றொரு தொகை விமான நிலைய ஆணையத்துக்கு. கட்டுப்பாட்டுக் கோபுரமும் அதன் ஆட்களும் கருவிகளும் ஆணையத்தின் பொறுப்பிலேயே நிற்கின்றன. இலாபம் தனியாருக்கு, வானத்தின் பொறுப்பு பொதுத்துறைக்கு என்பதே இந்த ஏற்பாடு. கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையையும் அவர்களது களைப்பையும் நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியுள்ளது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்க வேண்டிய தலைமை இயக்குநரகத்திலேயே ஏறக்குறையப் பாதி இடங்கள் காலி. செயற்கைக்கோள் வழிகாட்டுதல் இருக்கையில் இத்தனை ஆட்கள் எதற்கு என்போருக்கு ஒன்றிய அரசே விடை தந்திருக்கிறது: 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில், 465 முறை ஜிபிஎஸ் குறிகைகள் குலைக்கப்பட்டன அல்லது பொய்யாக அனுப்பப்பட்டன. அத்தகைய வேளையில் விமானி, தாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்பது தரையிலுள்ள மனிதரைத்தான். அவர் அன்று எத்தனையாவது மணிநேரமாக அந்த மேசையில் அமர்ந்திருக்கிறார் என்பதை வெளியிடும்படி நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். மாதந்தோறும், நிலையம் நிலையமாக.