குடையைப் பார்த்து மயங்காதீர்!



மழை விட்டதும் காளான் முளைக்கும். செலாயாங் தமான் திடலிலும் முளைக்கும், செம்பனைக் காட்டுப் புற்றிலும் முளைக்கும். இரண்டும் ஒன்றல்ல.

புற்றுக் காளானை வளர்ப்பது கறையான். குடை நடுவே கூர்முனை இருக்கும். தண்டு வேர் போல மண்ணுக்குள் நீண்டு புற்றுவரை போகும். திடல் காளானுக்கோ வெள்ளைக் குடையில் பழுப்புச் செதில், தண்டில் வளையம். அடி மடிப்பு இளசில் வெள்ளை, முற்றினால்தான் பச்சை. ஆகவே இளசில்தான் ஏமாறுகிறோம். தின்றால் 1 முதல் 3 மணி நேரத்தில் வாந்தி, பேதி.

"பூண்டு போட்டு வேக வெச்சேன், கறுக்கலே, விஷமில்லே"ன்னு சொல்லுவாங்க. அது சோதனையே அல்ல. பூச்சி அரித்திருப்பதும் அத்தாட்சி ஆகாது.

தோட்டத்தை விட்டுத் தமானுக்கு வந்த நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் கண்பழக்கம் இல்லை. எனவே நம் கருத்து இதுதான்: துளி சந்தேகமிருந்தாலும் சட்டியில் போடாதீர். ஒரு வேளைக் கறிச்செலவு மிச்சம் பிள்ளை உயிருக்கு ஈடாகுமா?

வயிறு புரட்டினால் வீட்டு வைத்தியம் வேண்டாம். மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 6 மணி நேரம் கழித்து வாந்தி வந்தால் இன்னும் ஆபத்து. ஈரலை அழிக்கும் காளானும் உண்டு.