மீனுக்குச் சனிக்கிழமை மட்டும்தானா?

முத்துப்பேட்டை மக்களுக்கு,

இந்த 2020 ஜூலையில் ஞாயிறுதோறும் தளர்வில்லாத முழு ஊரடங்கு. 5, 12 தேதிகள் போய்விட்டன. 19, 26 பாக்கி. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை விட மனசில்லாமல் ஊரே சனிக்கிழமை காலையில் மீன்கடைக்கு வந்துவிடுகிறது. போன சனிக்கிழமை ஒரே ஒரு கூறு இறாலுக்கு ஆறு கை நீண்டது. ஆறு பேரின் முகக்கவசமும் தாடையில் கிடந்தது.

விற்கிறவர்களும் வாங்கித் தின்கிறவர்களும் சேர்ந்துதான் இதை எழுதுகிறோம்.

கொரோனா நோய் மீனில் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி நாமக்கல் பண்ணைக்காரர்களைக் கதறவிட்டோம். வூகான் மீன்சந்தையின் பேரைக் கேட்டுவிட்டு நம்மூர் மடவையை முறைத்துப் பார்த்தவர்களும் உண்டு. சாப்பாட்டின் வழியாக இந்த நோய் பரவியதற்குச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. பயப்பட வேண்டியது பக்கத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறவரின் மூச்சுக்குத்தான்.

மீன் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதற்றமும் வேண்டாம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை இந்த வருஷம் மே 31-ஓடு முடித்துவிட்டார்கள். அதுவும் விசைப்படகுகளுக்குத்தான். நம்மூர் லகூனில் வலை போடுகிறவர்களுக்குக் கிழமை ஏது? கொடுவாயும் மடவையும் நண்டும் தண்ணீர் ஏறி இறங்குகிற கணக்குக்கு வருகின்றன. உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் புது மீன் பத்தாது. வியாழக்கிழமை வந்த மீனும் ஐஸில் கிடந்து சனிக்கிழமைதான் தட்டுக்கு ஏறும். அதற்குப் போட்டி போட்டுக் கூடுதல் விலையும் கொடுக்கிறீர்கள்.

வெள்ளி, செவ்வாய், அமாவாசையில் மீன் தொடாத வீடுகள் உண்டு. வெள்ளிக்கிழமை என்றால் கறிதான் என்கிற வீடுகளும் உண்டு. எல்லாம் கழித்தாலும் திங்கள், புதன், வியாழன் பொதுவாகக் கிடக்கின்றனவே. பாதிப் பேர் அந்த நாட்களுக்கு மாறுங்கள். வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும்; பிள்ளைகளும் பெரியவர்களும் வேண்டாம்.

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கினால் நமக்குத் தூக்கம் வராது, தெரியும். நீங்கள் தொடாதீர்கள், கேளுங்கள், விற்கிறவரே தூக்கிக் காட்டுவார். சிவப்பாக இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மீனுக்கு எப்போதும்போல் கல்லுப்பும் மஞ்சளும் போதும். மீனை சோப்பில் அலசியவர்களையும் கேள்விப்பட்டோம். அந்தக் குழம்பை யார் சாப்பிட்டார்களோ!

தலைக்கூடையில் மீன் கொண்டு வருகிற அம்மாக்களைச் சில தெருக்களில் முனையிலேயே தடுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அவர்களை உள்ளே விடுங்கள். ஒருவர் பத்து வீட்டுக்கு வந்தால் பத்து வீட்டார் கடைக்கு வர வேண்டியதில்லை. வெளிநாட்டுச் சம்பளம் நின்றுபோன வீடுகள் இருக்கின்றன; அவர்கள் பொடிமீன் ஒரு கூறு கடன் கேட்டாலும் இந்த அம்மாக்கள் இல்லை என்று சொல்வதில்லை.

பாத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு நான்கடி தள்ளி நில்லுங்கள். அவர் மீனைப் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பார். சில்லறையைச் சரியாக எடுத்து வையுங்கள். பேரம் தூரத்தில் இருந்தே நடக்கட்டும்.

இப்படிக்கு,
முத்துப்பேட்டை மீன் விற்போரும் வாங்குவோரும்