உயிரணு ஆராய்ச்சியும் கொல்லிமலைச் சாமையும்

ஒரு விஞ்ஞானியின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது என்னும் கேள்வி நமது சர்வகலாசாலைகளில் மும்முரமாக அடிபடுகிறது. அவர் பிரசுரித்த கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் எத்தனை தடவை எடுத்துக்காட்டினார்கள் என்று கணக்கிட்டு, அத்தொகையைப் பார்த்தே உத்தியோக உயர்வும் மானியமும் வழங்குவது வழக்கமாகிவிட்டது. இக்கணக்கை நாம் அடியோடு தள்ளவில்லை. அதுவும் ஒரு சாட்சியந்தான். ஆனால் வேறு சாட்சிகள் வாசலில் காத்திருக்க, ஒருவரை மட்டும் விசாரித்துத் தீர்ப்புக் கூறுவது நியாயமன்று. அவ்வாறு காத்திருக்கும் சாட்சிகளுள் ஒன்று, வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை.

கும்பகோணத்தில் 1925இல் பிறந்து 2023இல் காலமான டாக்டர் எம். எஸ். சுவாமிநாதனைப் பசுமைப் புரட்சியின் கர்த்தராகவே ஜனங்கள் அறிவார்கள். அவர் அடிப்படையில் உயிரணுவைத் துருவி ஆராய்ந்தவர். 1952இல் கேம்பிரிட்ஜில் அவர் டாக்டர் பட்டம் பெற்றது உருளைக்கிழங்கு இனங்களின் குரோமோசோம்களைப் பற்றி. நாம் உண்ணும் கிழங்கின் அணுவில் 48 குரோமோசோம்கள். காட்டுக் கிழங்குகள் பலவற்றில் 24தான். இது வெறும் ஏட்டுக் கணக்கென்று எண்ண வேண்டாம். காட்டுக் கிழங்கின் நோய் தாங்கும் வலிமையை வயல் கிழங்குக்குக் கொண்டுவர விரும்புவோன் முதலில் திறக்க வேண்டிய கதவு இதுவே. கதிர்வீச்சுப் பட்ட உருளைக்கிழங்கு மசியலில் வளர்த்த பார்லிக் கருக்களின் அணுக்களில் கோளாறுகள் தோன்றுவதாக 1962இல் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரை, உணவைக் கதிர்களால் பதப்படுத்தலாமா என்னும் விவாதத்தில் இடம்பெற்றது.

எல்லாக் கட்டுரைகளுக்கும் ஒரே கதி நேரவில்லை. காமாக் கதிரால் மாற்றிய சர்பதி சொனோராக் கோதுமையில் லைசின் சத்து மிகுதி என்று அவரது ஆராய்ச்சிசாலை கூறியதை 1970களில் பலர் மறுத்தார்கள். பெருஞ் சர்ச்சை மூண்டது. எண்ணிக்கைப் பிரியர்களின் கணக்கிலோ, மறுப்பதற்காக எடுத்துக்காட்டினாலும் அது எடுத்துக்காட்டே!

1966இல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்குமதியாயிற்று. கோதுமைப் புரட்சியைக் கொண்டாடி 1968இல் தபால் இலாகா முத்திரையே வெளியிட்டது. ஆனால் அதே ஆண்டு ஜனவரியில், காசியில் கூடிய விஞ்ஞான காங்கிரஸில், நாட்டு வகைகளை எறிந்துவிட்டு ஓரிரு உயர்விளைச்சல் வகைகளையே எங்கும் விதைத்தால் ஆபத்து நேரும் என்று எச்சரித்தவரும் சுவாமிநாதனே. வெற்றி முழக்கத்தின் நடுவே அபாயத்தை எடுத்துரைத்த இத்துணிவை எந்தப் புள்ளிக் கணக்கில் சேர்ப்பது?

வேறொரு பயிரின் வடிவில் அவ்வபாயம் கொல்லிமலையிலும் ஏறியது. வெள்ளப்பெருஞ்சாமை, திரிகுலசாமை என்று வகை வகையாக மலையாளிக் குடிகள் காத்துவந்த சாமையும் தினையும் கேழ்வரகும் நின்ற சரிவுகளில் மரவள்ளி பரவியது. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்கு ரொக்கம் தந்தன. ரேஷன் அரிசியும் வந்தது. போதாக்குறைக்கு, சாமையை உரலில் குற்றி உமி நீக்கும் பாடு முழுவதும் பெண்கள் தலையில். குடியானவன் மரவள்ளிக்கு மாறியதற்கு அவன்மேல் குற்றம் சொல்லோம். உலக உணவுப் பரிசுத் தொகையைக் கொண்டு 1988இல் சுவாமிநாதன் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி ஸ்தாபனம், 1990களில் இம்மலைக்கு வந்து உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர் விதைக் களஞ்சியங்களையும் ஏற்படுத்தியது. நூறு பிரசங்கங்களைவிட ஓர் இயந்திரம் அதிகம் சாதித்தது என்பது நமது அபிப்பிராயம். ஆயினும் மரவள்ளி போய்விடவில்லை.

இன்னொன்று. கொல்லிமலைச் சாமையைப் பற்றியும் கட்டுரைகள் எழுதப்பட்டன. அவற்றை எழுதியவர்களுக்குப் புள்ளிகள் சேர்ந்தன. தலைமுறை தலைமுறையாக விதையைக் காத்த பெண்களுக்குச் சேர்ந்தது என்ன? 2001ஆம் வருஷத்துப் பயிர் வகைகள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், உழவர்கள் தம் வகைகளைத் தம் பெயரிலேயே பதிவுசெய்யவும், காத்து வந்தவர்கள் மரபணு நிதியிலிருந்து வெகுமதி கோரவும் இடமளிக்கிறது. கோராதவனுக்குச் சட்டம் தானாக வந்து ஒன்றும் கொடுப்பதில்லை என்பதை வக்கீல்கள் நன்கறிவார்கள். ஆகவே தமிழ்நாட்டு அரசும் கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலையும் மலையாளிக் கிராமங்களுக்கு நேரில் சென்று, தமிழிலேயே விண்ணப்பங்களை எழுதி வாங்கித் தாக்கல் செய்யட்டும். அந்த வேலையில் இறங்கும் இளம் விஞ்ஞானிக்கு உத்தியோக உயர்வுக் கணக்கில் ஒரு கட்டுரைக்குரிய மதிப்பையேனும் கொடுக்கட்டும்.