மலைக்கு செமஸ்டர் லீவு தெரியாது

ஆரணியில் நாலு பசங்க சேர்ந்து "டீ எஸ்டேட்டுல அரை நாள் டிரெக்கிங் போலாம்டா" என்று பிளான் போட ஆரம்பித்தால் முதலில் முடிவாவது தேதிதான். லீவு என்றைக்கு, வேன் எப்போது சல்லிசாகக் கிடைக்கும், யார் வீட்டில் விடுவார்கள்... எல்லாம் பேசுவார்கள். அந்த மாசத்தில் மலை எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. இதுக்குப் பேர் பிளானா?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் கொழுக்குமலை தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டு குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நிறையப் பேர் இளம்பெண்கள். இதைக் காட்டி "பொண்ணுங்களுக்கு எதுக்கு மலை?" என்று கேட்கிற கோஷ்டி ஒன்று எப்போதும் உண்டு. தீ என்ன ஆம்பளை பொம்பளை பார்த்தா வருகிறது? பார்க்க வேண்டியது மாசத்தை.

தேயிலைச் செடி வருஷம் பூரா பச்சை. போட்டோவில் அதுதான் தெரியும். தோட்டம் முடிந்து கீழே இறங்கினால் புல்சரிவு, பிப்ரவரி-மார்ச்சில் சருகாகக் காய்ந்து கிடக்கும். அனல் மேல்நோக்கிப் போய் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைப்பதால், சரிவில் தீ மேலே ஏறும் வேகத்துக்கு மனுஷனால் ஓட முடியாது. "அரை நாள்தானே" என்று பத்து மணிக்குக் கிளம்பினால், இறங்குகிற நேரம் சரியாக உச்சி வெயில் கழிந்த பிற்பகல்!

ஆரணிக்காரனுக்கு இதை வெளியூர்க்காரன் வந்து சொல்லித்தர வேண்டுமா என்ன? அடைமழையில் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும். முகூர்த்த சீசன் என்பதற்காக மழை நிற்காது. வீட்டில் இவ்வளவு பார்த்து வளர்ந்த பிள்ளைகள் மலைக்கு மட்டும் காலண்டரில் சிவப்பு எழுத்தைத் தேடுகிறார்கள்.

குரங்கணிக்குப் பிறகு 2018-லேயே மலையேற்ற விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை ஆன்லைன் பதிவோடு, உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. 2025 பிப்ரவரியில் தீக்காலம் என்று மூடியதும் "லீவுல போய் மூடிட்டாங்களே" என்று புலம்பல் வேறு. மூடியதுதான் சரி. பதிவுக்குக் காசு கேட்கிறார்கள் என்பவர்கள் வேன் வாடகையைக் கணக்குப் பார்க்கட்டும்.

லீவுதான் வேண்டுமென்றால் பொங்கலுக்கு இருக்கிறதே. வடகிழக்குப் பருவமழை முடிந்து புல்லில் இன்னும் ஈரம் இருக்கும். பாதையை முன்பதிவு செய்துவிட்டு, விடிந்ததும் ஏறி, பதினொன்றுக்குள் இறங்கிவிட்டால் மதியச் சாப்பாட்டைக் கீழேயே சாப்பிடலாம்.