குடியை விட்டாச்சு... அடுத்து என்ன? காஞ்சிபுரம் தறி காட்டும் வழி

குடிநோய்க்கான மருத்துவமனைச் சிகிச்சை சில வாரங்களில் முடிந்துவிடும். வீடு திரும்பியவர் மறுநாள் காலையில் எழுந்து எங்கே போவார்? மீட்சி நிலைப்பது அதைப் பொறுத்தது.

தறி என்ன செய்யும்?

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். கைத்தறியில் அதை ஒருவரே நெய்வது கடினம். பார்டர் நாடாவைப் போட இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் வராவிட்டால் தறி நிற்கும். 'நீ வரணும்' என்று தினமும் ஒருவர் எதிர்பார்ப்பதே பெரிய பிடிமானம்.

வேலை கிடைச்சா போதுமா?

போதாது. சேலையை முடித்து மொத்தக் கூலியும் கையில் வாங்கும் நாள்தான் குடியை விட்டவருக்கு ஆபத்தான நாள். கூலியைப் பிரித்து, வாராவாரம் வங்கிக் கணக்கில் போடலாம்.

படிப்பு எதுக்கு?

நெசவாளர் குடும்பங்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் படிக்க 2016-ல் மத்திய அரசு வழி செய்தது. பாதியில் விட்ட பத்தாம் வகுப்பை முடித்தால், தறியைத் தாண்டியும் வேலை தேடலாம்.

ஒருமுறை சறுக்கியவரை வேலையை விட்டே அனுப்பினால், இருக்கும் பிடியும் போய்விடும். மறுபடி சிகிச்சைக்கு அனுப்புங்கள். தறியில் அவர் இடம் அப்படியே இருக்கட்டும்.